பங்காளிகள் எறியும் கல்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்க அதிபர் தேர்தல் செய்திகளைப் படித்துவிட்டு நீ கேட்ட கேள்வி நியாயமானதுதான். ஒரே கட்சிக்காரர்கள் மாதக்கணக்கில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். பிறகு எப்படி ஒரே மேடையில் கைகோத்து நிற்கிறார்கள்?

அங்கே வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக ‘பிரைமரி’ என்ற முன்தேர்தல் நடக்கும். சில இடங்களில் ‘காக்கஸ்’ என்ற வாக்காளர் கூட்டம் நடக்கும். ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் வரை இழுக்கும். போட்டியிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கட்சி என்பதால் வரி, மருத்துவக் காப்பீடு, வேலைவாய்ப்பு என்று எதைக் கேட்டாலும் பதில்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கொள்கையில் பெரிய வேறுபாடு இல்லாததால் பேச்சு ஆளை நோக்கித் திரும்பிவிடுகிறது. சொத்து ஒன்று என்பதால்தானே பங்காளிச் சண்டை அத்தனை கடுமையாக இருக்கிறது!

இதற்கு ஒரு வேலி போடவும் பார்த்தார்கள். 1966-இல் கலிஃபோர்னியா குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த கேலார்டு பார்க்கின்சன், சக கட்சிக்காரரைப் பற்றித் தீதாகப் பேசாதே என்பதைப் பதினோராவது கட்டளை என்று வகுத்தார். அதை ஊரறியச் செய்தவர் ரொனால்ட் ரீகன். பத்து ஆண்டுகள் கழித்து, பதவியில் இருந்த தம் கட்சி அதிபர் ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்து அதே ரீகன் களத்தில் இறங்கினார். பனாமா கால்வாய் விவகாரத்தை எடுத்துக்கொண்டு மேடைக்கு மேடை தாக்கினார். வேலி அவ்வளவு நாள்தான் தாங்கியது.

தாக்குகிறவருக்கு லாபம் நிச்சயமும் இல்லை. 2004 ஜனவரியில் அயோவா காக்கஸுக்கு முன் ஜனநாயகக் கட்சிப் போட்டியாளர்களான ஹோவர்ட் டீனும் டிக் கெப்ஹார்ட்டும் தொலைக்காட்சி விளம்பரங்களில் ஒருவரையொருவர் விளாசிக்கொண்டார்கள். சலித்துப்போன வாக்காளர்கள் ஜான் கெர்ரிக்கு முதலிடமும் ஜான் எட்வர்ட்ஸுக்கு இரண்டாமிடமும் கொடுத்தார்கள். சண்டை போட்ட இருவருக்கும் கிடைத்தவை மூன்றும் நான்கும்.

வீட்டுக்குள் எறிந்த கல்லை எதிர்வீட்டுக்காரன் பொறுக்கிக்கொள்வதும் உண்டு. 1988 ஏப்ரலில், நியூயார்க் பிரைமரிக்கு முன் நடந்த விவாதம் ஒன்றில், அல் கோர் தம் சக ஜனநாயகக் கட்சிக்காரரான மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸிடம், அந்த மாநிலத்தின் சிறை விடுப்புத் திட்டம் பற்றிக் கேட்டார். ஆயுள் கைதிகளுக்கும் வார இறுதி விடுப்பு தந்த திட்டம் அது. டுகாகிஸ் சரியான பதில் தரவில்லை. கோர் அந்தப் பிரைமரியில் தோற்று விலகினார்; கேள்வி மட்டும் விலகவில்லை. எதிர்க்கட்சி வேட்பாளரான மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் ஆய்வாளர்கள் விவாதத்தின் எழுத்துப் பதிவிலிருந்து அதைத் தோண்டி எடுத்தார்கள். விடுப்பில் போய்த் திரும்பாமல், மேரிலாந்தில் கொடுங்குற்றம் செய்த வில்லி ஹார்ட்டன் என்ற கறுப்பினக் கைதியின் கதை கையில் கிடைத்தது. புஷ் ஆதரவுக் குழு ஒன்று அவர் படத்தையே விளம்பரமாக்கி ஒளிபரப்பியது. இனப் பயத்தைத் தூண்டிய விளம்பரம் என்று இன்றும் அதைத்தான் சுட்டுகிறார்கள். கோடையில் கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்த டுகாகிஸ், நவம்பரில் 40 மாநிலங்களை இழந்தார்.

கோர் செய்தது தவறா? இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆளுநராக இருந்தவரின் நிர்வாகத்தைப் பற்றி, மேடையில், தன் பெயரில், அவர் முகத்துக்கு நேரே கேட்ட கேள்வி அது. கோர் ஹார்ட்டனின் பெயரையே எடுக்கவில்லை. ஏப்ரலில் அந்தக் கேள்வியை எதிர்கொண்டவர் அக்டோபருக்குள் தயாராகியிருக்க வேண்டும். முன்தேர்தலின் பயனே அதுதான். அந்தக் கேள்வியோடு ஓர் இனத்தின் முகத்தை ஒட்டிப் பயமுறுத்தியது பின்னால் வந்தவர்கள் செய்த பாவம்.

இப்போது தென் கரோலினாவுக்கு வா. 2000 பிப்ரவரி 1-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரின் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் ஜான் மெக்கெய்ன், இளைய ஜார்ஜ் புஷ்ஷைச் சுமார் 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். தென் கரோலினா வாக்குப்பதிவு 19-ஆம் தேதி. இடையில் பதினெட்டு நாள். பங்காளிகள் மோதிய பாரதப் போரும் பதினெட்டு நாள்தான். வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. கருத்துக்கணிப்பு என்ற பெயரில், மெக்கெய்னுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு கறுப்பினக் குழந்தை இருப்பது தெரிந்தால் அவருக்கு வாக்களிப்பீர்களா என்று கேட்பது போன்ற அழைப்புகள். கேள்விக்குள்ளேயே வதந்தியை வைத்துத் தைத்திருந்தார்கள். கூடவே பெயரில்லாத துண்டறிக்கைகள்.

அந்தக் குழந்தை, டாக்காவில் அன்னை தெரசாவின் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து மெக்கெய்ன் தம்பதி தத்தெடுத்து வளர்த்த மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது. ஒரு சிறுமியின் நிறத்தை அவள் அப்பாவுக்கு எதிரான ஆயுதமாக்கியவர்கள் யார் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. தங்களுக்குத் தொடர்பில்லை என்றது புஷ் தரப்பு. மெக்கெய்னும் சும்மா இருக்கவில்லை. உண்மையைத் திரிப்பதில் புஷ் அப்போதைய அதிபர் கிளிண்டனைப் போன்றவர் என்று ஒரு விளம்பரம் விட்டார். அது அவருக்கே கேடாக முடிந்தது, நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்த விளம்பரத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். புஷ் 53-க்கு 42 என்ற கணக்கில் வென்றார்.

ஆகவே தம்பி, ஒரு குற்றச்சாட்டு காதில் விழுந்தால் அதன் காரத்தை வைத்து எடை போடாதே. யார் பெயரில் வருகிறது, சாட்டப்பட்டவர் பதில் சொல்ல இடம் இருக்கிறதா என்று பார். 2019 ஜூனில் மயாமி விவாத மேடையில் கமலா ஹாரிஸ், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்கும் பேருந்துத் திட்டத்தை ஜோ பைடன் முன்பு எதிர்த்ததைச் சொல்லி, அப்படிப் பேருந்தில் போன சிறுமிகளில் தானும் ஒருத்தி என்றார். அடி பலமானதுதான், பைடன் அங்கேயே பதில் சொன்னார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹாரிஸையே துணை அதிபர் வேட்பாளராக்கிக்கொண்டார். நீ கேட்ட அந்தக் கைகோத்தல் இப்படித்தான் சாத்தியமாகிறது.

வதந்தியால் அடிபட்ட அதே மெக்கெய்ன் 2008-இல் தென் கரோலினா முன்தேர்தலில் வென்று கட்சியின் வேட்பாளரும் ஆனார். அந்த அக்டோபரில் மின்னசோட்டாவில் அவருடைய கூட்டத்தில் ஒரு பெண், எதிர்க்கட்சி வேட்பாளர் ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஓர் அரேபியர் என்றார். மெக்கெய்ன் தலையை ஆட்டி மைக்கை வாங்கிக்கொண்டு, ஒபாமா நல்ல குடும்பஸ்தர், அடிப்படையான விஷயங்களில் தமக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான் என்றார்.

அன்புடன்,
அண்ணன்