ஒரு கோப்பைச் சோறு

கேள்வி: ஐயா, என் கணவருக்கு 52 வயது. போன மாதம் கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சீனி 186 என்று வந்தது. மெட்ஃபோர்மின் குளிசை கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் சமைப்பதே பெரும்பாடாகிவிட்டது. சோற்றை அடியோடு விட்டுக் குரக்கன் கொடு என்கிறார் மாமியார். பலாக்காய் விஷம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி என்றால் பயமில்லை என்கிறார் கடைக்காரர். அவருக்கென்று தனி உலை வைக்கிறேன். அவரோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தோனியார் திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளிகள் வருவார்கள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? ஒரு பட்டியல் தாருங்கள்.
– வாசகி ஒருவர், வஹகோட்டை

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தனி உலையை இறக்கி வையுங்கள். உங்கள் கணவருக்கு நல்ல சாப்பாடு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லதுதான். தனிச் சமையல் என்றால் அவருக்கும் வெறுத்துப்போகும், நீங்களும் களைத்துவிடுவீர்கள். ஒரு மாதத்துக்குமேல் அது ஓடாது.

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். பட்டியலைவிட உங்கள் வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பை அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். அதில் மட்டமாகச் சோற்றை அள்ளி ஒரு தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். அந்த ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 40 முதல் 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் அது குளுக்கோசாகத்தான் மாறும். நம் வீடுகளில் ஆண்களுக்குப் போடும் சோற்றை இப்படி அளந்தால் மூன்று கோப்பை, நான்கு கோப்பை வரும். வேலை, எடை, குளிசை இவற்றைப் பார்த்துக் கிளினிக்கில் அவருக்கான அளவைச் சொல்வார்கள். அதுவரை ஒரு வேளைக்கு ஒரு கோப்பை, அல்லது கொஞ்சம் கூட, என்று தொடங்கலாம். சிவப்புப் பச்சையரிசி, தீட்டாத நாட்டரிசி என்றால் இன்னும் நல்லது.

சோறு குறைந்த இடத்தைக் கறியால் நிரப்புங்கள். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும்: வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, கங்குன், பயற்றங்காய், வெண்டிக்காய், பாகற்காய், எது கிடைக்கிறதோ அது. கால் பங்கு மீன், முட்டை, கோழி அல்லது கெட்டிப் பருப்பு. மீதிக் கால் பங்குதான் சோறு. கீரையையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரச் சொல்லுங்கள். சீனி ஏறும் வேகம் குறையும். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் கறி என்ற பெயரில் தட்டுக்கு வந்தாலும் அவை சோற்றுக் கணக்கில்தான் சேரும்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் உண்டு, நல்ல தானியம். ஆனால் அரிசி மாவைவிட அதில் மாச்சத்து பெரிதாகக் குறைவில்லை. அளவில்லாமல் நான்கு குரக்கன் ரொட்டி சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். கருப்பட்டி கரைத்த குரக்கன் கஞ்சி வேண்டவே வேண்டாம்.

பலாக்காய் விஷம் இல்லை. மாத்தளைப் பக்கத்தில் இருந்துகொண்டு பலாவுக்குப் பயப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என்று பெயர் வாங்கிய ஆர்தர் வி. டயஸ் இந்த நாடு பசியாற வேண்டும் என்பதற்காகத்தானே பலா நடச் சொல்லி ஊரூராக இயக்கம் நடத்தினார்! பிஞ்சுப் பலாக்காய்க் கறியைத் தாராளமாகக் கொடுக்கலாம். முற்றிய பலாக்காயை அவித்தால் அன்று அதுதான் சோறு. தேங்காய்ச் சம்பலோடு ஒரு கோப்பை போதும். சோறும் வைத்து, பக்கத்தில் அவித்த பலாவும் வைப்பதுதான் தவறு. பழுத்த பலாச்சுளை என்றால் இரண்டு, மூன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கித்துள் கருப்பட்டி விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். மணமும் சுவையும் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதில் பெரும்பகுதி சீனிதான். பாணியும் தேனும் அப்படியே.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். அவர் ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிக்கிறார்? கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் ஐந்து தேத்தண்ணி என்றால் பத்துக் கரண்டி, ஏறக்குறைய 50 கிராம் சீனி. ஒருவர் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நோய் இல்லாதவர்களுக்கு! சோற்றில் கை வைப்பதற்கு முன் இங்கே கை வையுங்கள். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும்.

அடுத்து நாட்டு மருந்து பற்றியும் கேட்பீர்கள். தெபு இலைச் சம்பல் கீரைதானே, கொடுக்கலாம். கொத்தலா ஹிம்புட்டு, அதாவது பொன்குறண்டி, மாச்சத்து செரிப்பதை உண்மையிலேயே தாமதப்படுத்தும். அதனால்தான் அதைக் குடித்தால் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். அதை நம்பிக் குளிசையை நிறுத்துவது ஆபத்து.

இனித் திருவிழா. அன்று அவரை ஒதுக்கி உட்கார வைக்காதீர்கள். எல்லோரும் சாப்பிடும் அதே சோறு, அதே கோழிக்கறி. அளவு மட்டும் அந்தக் கோப்பை. பலகாரம் ஆசைப்பட்டால் ஒன்று, அன்றைக்குச் சோற்றில் கொஞ்சம் குறைத்து. குளிர்பானப் போத்தலில் வட்டத்தைப் பாருங்கள்: 2016 முதல் சீனியின் அளவுக்கேற்ப நிறம் போடுகிறார்கள், சிவப்பு என்றால் தொடவே வேண்டாம். நேர்த்திக்காக உபவாசம் இருப்பதாக இருந்தால் முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி மிகவும் இறங்குவது அபூர்வம். ஆனால் பின்னாளில் வேறு குளிசையோ இன்சுலினோ சேர்ந்தால் கதை வேறு. அப்போது வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து.

உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. 35 தாண்டியிருந்தால் அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் உங்களுக்கும் இலவசமாகப் பரிசோதிப்பார்கள். அடுத்த கிளினிக் நாளில் அவரோடு நீங்களும் போங்கள். அந்தத் தேத்தண்ணிக் கோப்பையையும் பையில் எடுத்துப்போய்க் காட்டி, இதில் எத்தனை கோப்பைச் சோறு போடலாம் என்று கேட்டு வாருங்கள்.