ஒரே கியர் சைக்கிளும் நம்ம மலைப் பாதையும்



சென்ற மாதம் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் ஒரு அம்மா என்னை நிறுத்திக் கேட்டார். "ஐயா, மகன் நுவரெலியா டவுன்ல கடையில வேல செய்றான். பஸ்ஸுக்கே காசு போகுதுன்னு ஒரு சைக்கிள் வாங்கியிருக்கான். கொறஞ்ச வெல சைக்கிள்தான். அதுல போகட்டுமா, வேணாமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அன்று சாயந்தரம் லயத்துக்குப் போய் அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். முன் பிரேக் கட்டையில் பாதி ரிம்மில் படுகிறது, மீதிப் பாதி டயரை உரசுகிறது. பின் பிரேக் பிடியை அழுத்தினால் அது ஹேண்டில் வரைக்கும் வந்து முட்டுகிறது. வாங்கி 3 வாரம்தான் ஆகியிருந்தது. "தம்பி தாராளமா போகட்டும். ஆனா இந்த நிலையில வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இதே மாதிரிச் சைக்கிள்கள் இப்போது நம் லயங்களில் நிறைய நிற்கின்றன.

2022ஆம் ஆண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. அந்த நாட்களில்தான் நாடு முழுவதும் பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். புதுச் சைக்கிளின் விலையும் ஏறிப்போனது. அதற்கு முன்பே யாழ்ப்பாணத்துச் சனங்கள் 1990களில் பெற்றோல் இல்லாமல் வருடக்கணக்காகச் சைக்கிளிலேதான் சீவித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு போனதும் சைக்கிளில்தான். ஆனால் யாழ்ப்பாணம் தட்டையான பூமி. ஒரே கியர் சைக்கிள் அந்த மாதிரி இடத்துக்கென்றே செய்யப்பட்ட சாமான். நம்ம இடம் அப்படியா? அந்தக் காலத்தில் நானுஓயாவிலிருந்து ராகலைக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது. 1940களில் அதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாதையில் கந்தப்பளை ஸ்டேஷன் 6,300 அடிக்கு மேலே இருந்தது. இங்கேயிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏற்றமும் இறக்கமும்தான்.

அதற்காக ஒரே கியர் சைக்கிள் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பல கியர் போட்ட மலிவுச் சைக்கிளைவிட இது எவ்வளவோ மேல். கியர் மாற்றும் கம்பி, ஸ்பிரிங், சின்னச் சின்னச் சக்கரம் எல்லாம் நம்ம மழையிலும் சேற்றிலும் ஆறு மாதத்தில் கெட்டுப் போகும். ஒரே கியரில் கெட்டுப்போவதற்குச் சாமான் கொஞ்சம்தான். இரண்டு சாவியும் ஒரு ஸ்குறூ ஆணிச் சாவியும் இருந்தால் முக்கால்வாசி வேலையை வாசலில் உட்கார்ந்தே செய்துகொள்ளலாம்.

முதலில் பிரேக். மற்றதெல்லாம் பிறகு.

மலிவுச் சைக்கிளின் ரிம் இரும்பு. அதன்மேல் பளபளவென்று குரோம் பூச்சு. பார்வைக்கு அழகு, வெயிலில் பிரேக்கும் பிடிக்கும். மழை பெய்தால்தான் கதை வேறு. அந்த வழுவழுப்பான பூச்சில் தண்ணீர் படலமாக நிற்கும். ரப்பர் கட்டை அதன்மேல் வழுக்கும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் முன் பிரேக்கை அழுத்திப் பாருங்கள், சக்கரம் டக்கென்று நிற்கும். இப்போது ரிம்மின் இரண்டு பக்கமும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு அதே மாதிரி அழுத்திப் பாருங்கள். சக்கரம் நிற்காமல் உருண்டுகொண்டே போகும். தள்ளிக்கொண்டு போகும்போதே இப்படியென்றால் இறக்கத்தில் எப்படியிருக்கும்?

எனக்கு அது தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. உத்தியோகத்துக்கு வந்த புதிதில் ஹாவாஎலியப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். தூறல்தான், பெரிய மழைகூட இல்லை. கேரியரில் ஒரு அரிசிப் பை. வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. எதிரே மரக்கறி லொறி. தேயிலைச் செடிக்குள் சைக்கிளைத் திருப்பியதால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். முழங்கையில் தையல் போட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது. அரிசியைத்தான் பொறுக்க முடியவில்லை.

வேகம் இரண்டு மடங்கு ஆனால், நிற்பதற்குத் தேவையான தூரம் நாலு மடங்கு ஆகும். ஆகவே இறக்கம் தொடங்கும்போதே வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டும், வளைவில் போய்ப் பிடிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. மழை நாளில் இறங்குவதற்கு முன்பே பிரேக்கை மெதுவாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் போனால், கட்டை ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்தே பாவியுங்கள். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று நம்ம பையன்கள் பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறார்கள். பிரேக் போடும்போது பாரம் முன் சக்கரத்துக்குத்தான் வருகிறது, ஆகவே நிறுத்தும் பலமும் அங்கேதான் அதிகம். திடீரென்று இறுக்கினால்தான் ஆபத்து. படிப்படியாக அழுத்தினால் ஒன்றும் ஆகாது.

கட்டை முழுவதும் ரிம்மில் பட வேண்டும், டயரில் படவே கூடாது. டயரை உரசினால் ஒரு நாள் டயர் கிழிந்து டியூப் வெளியே வந்து வெடிக்கும். கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். அதில் இரும்புத் துகளோ கல்லோ குத்தியிருந்தால் ஊசியால் எடுத்துவிடுங்கள். பிரேக் பிடியை முழுப் பலத்தோடு அழுத்தினாலும் ஹேண்டிலுக்கும் பிடிக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் மிஞ்ச வேண்டும். வயரில் ஒரு நூல் அறுந்து துருத்திக்கொண்டு நின்றாலும் அதே நாளில் மாற்றுங்கள். மற்ற நூல்களும் அதன் பின்னாலேயே அறுந்து போகும். வயர் துருப்பிடிக்காமல் இருக்க மேல் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பழைய பெரிய சைக்கிளில் வயருக்குப் பதிலாகக் கம்பி பிரேக் இருக்கும். அதில் கம்பி பூட்டும் ஒவ்வொரு இடத்தையும் ஆட்டிப் பாருங்கள், லூசாகும் இடமே அதுதான்.

காசு சேர்த்துச் சைக்கிளுக்கு ஏதாவது நல்லது செய்ய நினைத்தால் முதலில் நல்ல ரகக் கட்டையும் புது வயரும் போடுங்கள். அடுத்து அலுமினிய ரிம். ஈரத்தில் இரும்பு ரிம்மைவிட அலுமினிய ரிம்மில் பிரேக் நன்றாகப் பிடிக்கும், பாரமும் குறைவு. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே தடவையில் முடியாவிட்டால் முன் சக்கரத்துக்கு மட்டும் போடுங்கள். காரணம் மேலே சொன்னதுதான். வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். 26 என்று சொல்லும் ரிம் எல்லாம் ஒன்றல்ல. டயரில் 26 x 1.95 என்று இருந்தால் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீற்றர். 26 x 1 3/8 என்று இருந்தால் 590 மில்லிமீற்றர். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பழைய டயரில் உள்ள எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பையன்கள் முதலில் வாங்குவது என்ன தெரியுமா? பாட்டுப் பாடும் ஹோர்ன், ஸ்போக்கம்பியில் கலர்க் குழாய், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். மலிவு ஸ்பிரிங் ஃபோர்க் பாரம்தான் கூட்டும். ஏற்றத்தில் மிதிக்கிற பலத்தில் கொஞ்சம் அதுவே தின்றுவிடும்.

இனி ஏற்றத்துக்கு வருவோம். பெடலுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 44 பல்லும், பின் சக்கரத்துப் பிரீவீலில் 18 பல்லும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சைக்கிளில் எத்தனை என்று ஒரு பல்லில் சோக்கட்டியால் குறி போட்டு எண்ணிப் பாருங்கள். 44ஐ 18ஆல் பிரித்தால் ஏறக்குறைய 2.44 வரும். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் 2.44 சுற்றுச் சுற்றுகிறது என்று அர்த்தம். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 2 மீற்றருக்குச் சற்று அதிகமாக ஓடும். ஆகவே ஒரு மிதிச் சுற்றுக்குச் சைக்கிள் 5 மீற்றர் போகிறது. கொழும்பு ரோட்டுக்கு இது சரி. நம்ம ஏற்றத்துக்கு அதிகம். அதனால்தான் பாதி வழியில் இறங்கித் தள்ள வேண்டி வருகிறது.

18 பல் பிரீவீலைக் கழட்டிவிட்டு 22 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4 மீற்றர் சொச்சம்தான் போகும். காலில் கொடுக்க வேண்டிய பலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். சமதரையில் கால் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் எப்படியும் மிதிக்கப் போவதில்லை. இந்த ஒரு மாற்றத்துக்கு ஆகும் செலவு, கியர் சைக்கிள் வாங்கும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. பல் கூடுவதால் செயின் பற்றாமல் போகலாம். ஒரு ஜோடிக் கண்ணி சேர்க்க வேண்டி வரும், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பிரீவீலை வீட்டில் உளியும் சுத்தியலும் வைத்துக் கழட்டப் பார்க்காதீர்கள். நாம் மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகிற சாமான். கழட்டுவதற்கென்றே ஒரு சாவி உண்டு, அது சைக்கிள் கடையில் இருக்கும்.

சீட்டையும் பாருங்கள். நம்ம ஆட்கள் கால் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குதிக்காலைப் பெடலில் வைத்து அதைக் கீழே இறக்கினால் கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் சரியான உயரம்.

செயினுக்கு வாரம் ஒரு தடவை 10 நிமிடம் ஒதுக்குங்கள். எரிந்த எஞ்சின் ஒயிலைப் பூசுகிறவர்கள் உண்டு, வேண்டவே வேண்டாம். அதில் மண் ஒட்டி உப்புத்தாள் மாதிரிப் பல்லைத் தேய்த்துவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். அந்தத் துணியால் ரிம்மை மட்டும் தொட்டுவிடாதீர்கள், பிரேக் போய்விடும். செயின் தேய்ந்ததா என்று பார்க்கப் பிள்ளைகளின் அடிமட்டம் போதும். 24 கண்ணி, ஆணியிலிருந்து ஆணிக்குச் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் பிரீவீலையும் கெடுத்து இரண்டு செலவாக்கிவிடும். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதிகம் ஆடினால் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது கழன்று, முகம் ஹேண்டிலில் அடிபடும்.

பெடல் தண்டு 'கடக் கடக்' என்று ஆடினால் அன்றே கவனியுங்கள். கொட்டர் பின் போட்ட சைக்கிளில் நட்டை மட்டும் முறுக்கிப் பலனில்லை. தண்டுக்குக் கீழே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, பின்னைத் தட்டி இறுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் நட்டைப் பூட்ட வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழானது. வலது பெடல் மாதிரி முறுக்கிப் பலபேர் மரையைக் கெடுத்திருக்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே போல்ஸில் கிறீஸ் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்த கையோடு கழட்டிக் கழுவிப் புதுக் கிறீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

பனிமூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் மரக்கறி லொறிகள் போகும் நேரத்தில்தான் பிள்ளைகளும் டவுனுக்கு இறங்குகிறார்கள். முன்னால் லைட் இருந்தால் பாதை தெரியும். பின்னால் சிவப்பு லைட் இருந்தால்தான் லொறிக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிவீர்கள். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் பின்னால் உள்ளதை வாங்குங்கள், முன்னால் கையில் டோர்ச் கட்டிக்கொள்ளலாம். கறுப்பு மழைக்கோட் போடுகிறவர்கள் முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி ஒன்றைத் தைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஏற்றம் இல்லை, 18 பல்லே போதும். ஆனால் கடற்காற்று இரும்பைத் தின்னும், ஆகவே செயினுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விடுங்கள். நிற்கும் பஸ்ஸின் இடது பக்கமாக நுழையாதீர்கள், சனம் இறங்கும். பூட்டும்போது முன் சக்கரத்தை மட்டும் பூட்டினால் திரும்பி வரும்போது அந்தச் சக்கரம் மட்டும்தான் இருக்கும். ஃபிரேமையும் சேர்த்துக் கம்பத்தில் பூட்டுங்கள்.

அந்த அம்மாவின் மகன் கட்டையும் வயரும் மாற்றிவிட்டார். 22 பல் பிரீவீல் அடுத்த சம்பளத்துக்கு என்று சொல்லியிருக்கிறார். காரியாலயத்தில் என்னிடம் ஒரு பம்பும், 15 இலக்கச் சாவியும், அடிமட்டமும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் சேர்ந்து பார்க்கலாம். மண்ணெண்ணெய்த் துணியை நீங்கள்தான் கொண்டு வர வேண்டும்.