மிளகாய் விதையும் தோசைக்கல் பீட்சாவும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டி மேற்கே வந்தால் வேலப்பன்சாவடி. சவீதா பல் மருத்துவக் கல்லூரி, ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரி, அவற்றைச் சுற்றி எழுந்த விடுதிகள், நாலைந்து பேர் சேர்ந்து எடுத்துத் தங்கும் வாடகை வீடுகள் என்று இளைஞர்கள் நிறைந்த ஊர். இரவுக்கு பீட்சா வரவழைப்பது இங்கே சாதாரணம். அதையே வீட்டில் செய்யலாமே என்றால்தான் தயக்கம் வருகிறது. ஓவன் இல்லை, ஹாலபீனோ மிளகாய் கிடைக்காது, மாவு சரியாக வராது, காரம் வயிற்றைப் புண்ணாக்கும் என்று ஆளுக்கொரு காரணம். இவற்றில் பெரும்பாலானவை காதுவழி வந்த நம்பிக்கைகள். கார பீட்சாவுக்கு வேண்டியதெல்லாம் இந்த வட்டாரத்துச் சமையலறைகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றிரண்டு விஷயங்களைச் சரியாகப் புரிந்துகொண்டால் போதும்.

“விதையை எடுத்துட்டா காரம் போயிடும்”

நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை இது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் விதையில் உருவாவதே இல்லை. மிளகாயை நீளவாக்கில் கீறினால் உள்ளே வெள்ளையாக, நரம்பு ஓடியதுபோல ஒரு தசை தெரியும். விதைகள் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். காரம் உருவாகும் இடம் அந்த வெள்ளைத் தசை. விதை அதோடு உரசிக்கொண்டிருப்பதால் மேலே காரம் பூசிக்கொள்கிறது, அவ்வளவுதான். கரண்டிக் காம்பால் விதையைச் சுரண்டும்போது தசையும் சேர்ந்து வந்துவிடுகிறது, காரம் குறைகிறது. பெயர் விதைக்குப் போய்விடுகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் காரத்தை நம் கையில் வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் சாப்பிடும் பாதிக்கு வெள்ளைத் தசையை முழுக்க வழித்தெடுத்த மிளகாய், பெரியவர்களின் பாதிக்கு அப்படியே வட்டமாக நறுக்கியது. ஒரே பீட்சா, இரண்டு காரம். விதையை எடுப்பதற்கு வேறொரு நல்ல காரணம் இருக்கிறது: கடும் சூட்டில் அது சீக்கிரம் கருகிக் கசக்கும்.

காரம் என்பது நாக்கின் சுவையும் அல்ல. சூட்டையும் வலியையும் உணர்கிற நரம்புமுனைகளில் ஓர் ஏற்பி இருக்கிறது. 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அது விழித்துக்கொள்ளும். கேப்சைசின் பட்டாலும் அப்படியே விழித்துக்கொள்ளும். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் இதைக் கண்டுபிடித்தது. 2021இல் மருத்துவ நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார். கல்லிலிருந்து இறக்கிய உடனே கடித்தால் அதே மிளகாய் இன்னும் கூடுதலாக எரிவதற்கு இதுதான் காரணம். சூடும் காரமும் ஒரே கதவைத் தட்டுகின்றன. இரண்டு நிமிடம் ஆறவிட்டால் காரம் தாங்கும்படி இருக்கும்.

எரிச்சலுக்குத் தண்ணீர் குடித்துப் பயனில்லை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன் என்ற புரதமும் அதைப் பிடித்துக்கொண்டு போகும். சோடாவை விட ஒரு தம்ளர் கெட்டி மோர் மேல். சீஸுக்கும் இந்த வேலை தெரியும். மிளகாயைச் சீஸுக்கு அடியில் வைத்தால் காரம் அடங்கி வரும், துண்டும் கருகாது. மேலே தூவினால் முதல் கடியிலேயே தாக்கும். எப்படி வேண்டுமோ அப்படி அடுக்கிக்கொள்ளுங்கள்.

“ஹாலபீனோ இல்லாம கார பீட்சா கிடையாது”

மெக்சிகோவின் ஹாலபீனோ உண்மையில் மிதமான மிளகாய். மிளகாயின் காரத்தை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த அலகில் அது 2,500 முதல் 8,000 வரை. நம் மளிகைக் கடைகளில் குவிந்து கிடக்கும் குண்டூர் சன்னம் சுமார் 35,000. பாட்டில் ஹாலபீனோவில் நமக்குப் பிடித்துப்போனது காரத்தை விட அந்த வினிகர்ப் புளிப்புதான். அதை பஜ்ஜி மிளகாயிலேயே கொண்டுவரலாம். வட்டமாக நறுக்கி, வினிகரும் தண்ணீரும் சம அளவில் உப்போடும் துளி சர்க்கரையோடும் கொதிக்கவைத்து மேலே ஊற்றி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளே தயார்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது மோர் மிளகாய். மொட்டை மாடியில் காய்ந்து டப்பாவில் கிடப்பதை எண்ணெயில் பொரித்து, நொறுக்கி, பீட்சா இறங்கிய பிறகு மேலே தூவ வேண்டும். உப்பு, புளிப்பு, காரம், மொறுமொறுப்பு எல்லாம் ஒரு பிடியில் வந்துவிடும். சீஸின் கொழகொழப்புக்கு இதைவிட நல்ல துணை கிடையாது என்று அடித்துச் சொல்வேன். பொட்டலத்தில் வருகிற மிளகாய்த் தூவலுக்குப் பதில் ராமநாதபுரம் குண்டு மிளகாய் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வெறும் சட்டியில் மணம் வரும்வரை லேசாக வறுத்து, உரலில் கொரகொரவென்று இடித்தால் போதும்.

குடமிளகாய்க்குக் காரமே கிடையாது. கேப்சைசின் உருவாகாத வகை அது. அதில் நிறைய இருக்கும் தண்ணீர்தான் பீட்சாவுக்குச் சிக்கல். வெங்காயத்தோடு சேர்த்து முதலிலேயே பெரிய தீயில் ஒரு வதக்கு வதக்கி ஈரத்தைப் போக்கிவிட்டு வையுங்கள். தக்காளிக்கும் அதே கதைதான். கோயம்பேட்டிலிருந்து இதே நெடுஞ்சாலை வழியாக வந்து இறங்கும் இரண்டு வகைத் தக்காளியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நாட்டுத் தக்காளி. பீட்சா சாஸுக்குச் சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளி. தொக்குப் பதத்துக்குச் சுண்டவைக்க வேண்டும்.

“இத்தாலிக்காரங்க காரமே சாப்பிட மாட்டாங்க, இது நாம கெடுத்தது”

இத்தாலியின் தெற்கு முனையில் உள்ள கலாப்ரியா மாநிலத்துக்கு அடையாளமே மிளகாய்தான். அங்கே டயமான்டே என்ற கடலோர ஊரில் மிளகாய்க்கென்று ஆண்டுதோறும் திருவிழா எடுக்கிறார்கள். காரமான இறைச்சி வைத்த டியாவோலா பீட்சா அந்த நாட்டுக் கடைகளில் எங்கும் கிடைக்கும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. கொலம்பஸுக்குப் பிறகு கடல் கடந்து நேப்பிள்ஸுக்கும் போயின, நம் கரைக்கும் வந்தன. கார பீட்சா யாருடைய சமையலையும் கெடுத்ததாகாது.

“காரம் சாப்பிட்டா அல்சர் வரும்”

குடற்புண்ணுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அடுத்தது வலிமாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவது. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியின் பங்கை நிறுவி 2005இல் நோபல் பெற்றார்கள். ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிச்சலோ இருப்பவருக்கு மிளகாய் தொந்தரவைக் கூட்டலாம், அவர்கள் குறைத்துக்கொள்ளட்டும். ஆனால் தொடர்ந்து வயிற்றுவலி இருந்தால் மிளகாயைப் பழித்துவிட்டு வீட்டில் உட்காராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

“ஓவன் வேணும்”

நேப்பிள்ஸ் அடுப்புக்காரர்களின் கைத்திறனை யுனெஸ்கோ 2017இல் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்களுடைய விறகடுப்பு 400 டிகிரியைத் தாண்டும். 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சா வெந்துவிடும். வீட்டு ஓ.டி.ஜி. ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடுகிறது. ஆக ஓவன் வாங்கினாலும் அந்த பீட்சா வராது. வேண்டியது மாவின் அடியில் பாயும் உடனடிச் சூடு. கனமான இரும்பு தோசைக்கல் அதைத் தரும்.

கல்லை நடுத்தரத் தீயில் நன்றாகக் காயவிட்டு, கையால் தட்டிய மாவைப் போட்டு, அடியில் செம்புள்ளிகள் விழுந்ததும் திருப்பிப் போடுங்கள். வெந்த பக்கத்தின்மேல் சாஸ், மிளகாய், சீஸ். தீயைக் குறைத்து, இன்னோர் அடுப்பில் சூடேற்றிய இரும்பு மூடியால் மூடி மூன்று நான்கு நிமிடம். ஆறிய மூடியைப் போட்டால் ஆவி தண்ணீராகி மேலே சொட்டும். அதனால்தான் பலருடைய பீட்சா சொதசொதக்கிறது. ஓ.டி.ஜி. வைத்திருப்பவர்கள், மரப்பிடி, பிளாஸ்டிக் பிடி இல்லாத இரும்புக்கல்லை உள்ளே கவிழ்த்து அரைமணி நேரம் காயவிட்டு அதன்மேல் சுடலாம். நான்ஸ்டிக் தவாவை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். வெறுமனே காய்ந்து 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும்.

“மாவைச் சூடான இடத்துல ரெண்டு மணி நேரம் வைக்கணும்”

இது குளிர்நாட்டுக் குறிப்பு. 20 டிகிரி சமையலறைக்கு எழுதியதை 35 டிகிரி சமையலறையில் செய்தால் மாவு பொங்கித் தளர்ந்து புளித்துவிடும். தட்டும்போது கிழியும், சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்திருப்பதால் சிவக்கவும் சிவக்காது. சித்திரையில் இட்லி மாவை எத்தனை மணிக்குக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று தெரிந்த கைக்கு இது புதிய பாடமல்ல. கால் கிலோ மைதா, 160 மில்லி குளிர்ந்த தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். சர்க்கரையும் வெந்நீரும் தேவையில்லை. கை பொறுக்காத சூட்டில் ஈஸ்ட் செத்துப்போகும். பிசைந்து அரைமணி நேரம் வெளியே, பிறகு இரவு முழுக்க குளிர்பெட்டியில். மறுநாள் மாலை எடுத்து ஒரு மணி நேரம் கழித்துத் தட்டலாம்.

மைதாவில் அல்லாக்சான் என்ற விஷத்தைக் கலக்கிறார்கள் என்ற செய்தியும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படி யாரும் கலப்பதில்லை. மைதாவின் உண்மையான குறை நார்ச்சத்து மிகக் குறைவாக இருப்பதுதான். தினமும் தின்னக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம். மூன்றில் ஒரு பங்கு கோதுமை மாவு சேர்த்தாலும் நன்றாகவே வரும், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

“ஆரிகனோ இல்லையே”

தொட்டியில் கற்பூரவல்லி இருக்கிறதா பாருங்கள். ஆரிகனோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் அதிலும் இருக்கிறது. இலை தடிப்பு, ஈரம் அதிகம். பச்சையாக மேலே போட்டால் நெடியடிக்கும். இரண்டு இலையைப் பொடியாக நறுக்கி, தக்காளி சுண்டும்போதே சாஸில் சேர்த்துவிடுங்கள். செடி இல்லாத வீட்டில் ஓமம் ஒரு சிட்டிகை, உள்ளங்கையில் கசக்கிப் போட்டால் போதும்.