கூண்டுக் கரடியும் கருத்தடையும்

உயிருக்கு ஊறு செய்யாமை நமது முதல் அணுவிரதம். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தும் அதற்குரிய அதிசாரங்கள் என்பதை நாம் அறிவோம். இவற்றுள் ஒன்றை ஒழிப்பதற்கு மற்றொன்றைச் செய்ய நேர்ந்தால் யாது செய்வது? தென்கொரிய நாட்டு நிகழ்ச்சியொன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1981இல் அந்நாட்டு அரசு, உழவர் வருவாய் பெருகும்பொருட்டு, கரடிகளை இறக்குமதி செய்து வளர்க்க ஊக்கமளித்தது. 1985இல் இறக்குமதி தடுக்கப்பட்டது. ஆயினும் கூண்டிலிருந்த ஆசியக் கருங்கரடிகள் குட்டி ஈன்றுகொண்டே இருந்தன. பத்து வயது நிறைந்த கரடியைக் கொன்று, மருந்துக்காகப் பித்தப்பையை எடுக்க 2005 முதல் விதிகள் இடமளித்தன. கூண்டிற் பிறந்து கூண்டிலேயே மடிவது அவற்றின் வாழ்வாயிற்று.

காட்டில் விட்டுவிடலாகாதா என மாணவர் வினவுவர். கூண்டிற் பிறந்த கரடி இரை தேடக் கல்லாதது. மனிதரை அஞ்சி விலகாதது. அவற்றுட் பல வேற்று நாட்டு வழியின. 2004 முதல் ஜிரி மலையில் மீண்டும் குடியேற்றப்பட்டுவரும் கரடிகளோடு அவை கலப்பதும் தகாது.

ஆகவே 2014 முதல் சில ஆண்டுகளில், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கரடிகளுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. கரடிகளின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. 2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், 2026 முதல் கரடிப் பண்ணைத் தொழிலை விலக்கியது. 2025இல் குரே என்னும் ஊரில் காப்பகம் ஒன்றும் திறக்கப்பட்டது.

இந்த அறுவை குற்றமற்றதா? உறுப்பறுத்தல் உறுப்பறுத்தலே, அதனை அறம் எனப் புகழ நாம் துணியோம். ஆனால் அதனைச் செய்யாதிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் ஆயுள் முழுதும் கட்டும், முடிவில் கொலையும் காத்திருக்கும். ஒருமுறை நேரும் புண்ணையும், தலைமுறைதோறும் தொடரும் சிறையையும் சீர்தூக்கின், முன்னதே குறைந்த இம்சை என்பது நமது துணிபு.

எனினும் அறுவையோடு கடமை முடிந்துவிடவில்லை. கருத்தடை, பிறவாத குட்டியைக் காத்தது. பிறந்த கரடியின் கூண்டைத் திறக்கவில்லை. அதற்குச் சட்டமும் காப்பகமும் வேண்டியிருந்தன. கரடிப் பித்தத்திலுள்ள மருந்துப்பொருள் இன்று கரடியின்றியே ஆலைகளில் ஆக்கப்படுகிறது. அதற்கும் மூலப்பொருள் பெரும்பாலும் மாட்டுப் பித்தமே என்பதால், நமது ஆராய்ச்சி அங்கும் முடிவதில்லை.

இல்லத்தில் பிள்ளைகளோடு சிந்திக்க இரு வினாக்கள்:

1. இந்நிகழ்ச்சியில் ஐந்து அதிசாரங்களுள் எவை எவை காணப்படுகின்றன?

2. வளர்த்தவர், விதி வகுத்தவர், மருந்தை வாங்கியவர் ஆகிய மூவருள் வினையில் பங்கில்லாதவர் எவரேனும் உளரோ?