ஆள் உணரும் கருவி

தங்கும் விடுதிகளில் அறை பெறுவோர் பகற்பொழுதின் பெரும்பகுதியை வெளியிலேயே கழிக்கின்றனர். அலுவல்மேல் வந்தோரும் ஊர் காண வந்தோரும் வெளியே சென்றிருக்க, அவர்தம் அறைகளில் விளக்குகள் எரிந்துகொண்டும் குளிர்பதனப் பொறிகள் ஓடிக்கொண்டும் இருக்கும். விருந்தினரைக் குறை கூறுவதற்கில்லை. வாடகை நாட்கணக்கில் பெறப்படுகின்றதேயன்றி மின்சாரத்திற்கெனத் தனியே பெரும்பாலும் பெறப்படுவதில்லை. வெயிலில் அலைந்து திரும்புங்கால் அறை குளிர்ந்திருத்தல் வேண்டும் என விரும்புவதும் இயல்பே. ஆயினும் ஆளில்லா அறையைக் குளிர்விக்கச் செலவான எரிபொருள் மீண்டும் வாராது.

இவ்வீண்செலவைக் கருதியே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2014-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சில கட்டட விதிகளை நடைமுறைக்குக் கொணர்ந்தது. விடுதி அறையினின்றும் ஆள் நீங்கிய அரைமணிக்குள் விளக்குகள் தாமே அணைதல் வேண்டும். குளிர்பதனத்திற்குக் குறித்த வெப்பநிலை பாரன்ஹீட் அளவில் 5 பாகையேனும் உயர்தல் வேண்டும். அட்டையாலோ உணரியாலோ இதனைச் செய்துகொள்ளலாம் என அவ்விதிகள் இடந்தந்தன.

அட்டைமுறை எளிது. கதவருகே உள்ள சிறு பெட்டியில் அறைத் திறவுகோலாகிய அட்டையைச் செருகினாலன்றி அறைக்கு மின்சாரம் வாராது. ஆனால் விருந்தினர் சிலர் வேறோர் அட்டையைச் செருகிவிட்டு வெளியே போய்விடுகின்றனர்! பெட்டி அட்டையை அறியுமேயன்றி ஆளை அறியாது.

ஆளை அறிவது உணரி. ‘உணர்’ என்னும் பகுதியோடு இகர விகுதி சேர்ந்து, உணர்வது எனப் பொருள் தரும் நல்ல தமிழ்ப் பெயர் இது. மனிதவுடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அவ்வுடலினின்றும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர் ஓயாது வெளிப்படுகின்றது. இக்கதிரை 1800-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூற் புலவர். முப்பட்டைக் கண்ணாடியால் ஞாயிற்றொளியைப் பிரித்து, நிறந்தோறும் வெப்பமானியை வைத்துப் பார்த்த அவர், சிவப்பிற்கு அப்பால் ஒளியே காணப்படாத இடத்திலும் வெப்பம் ஏறக் கண்டார். உணரியினுள் உள்ள தகடு, தன்மேற்படும் இக்கதிர் மாறுந்தோறும் மின்குறி காட்டும். அதன் முன்னுள்ள வில்லை அறையைப் பல கூறுகளாகப் பகுத்து நோக்குகின்றது. ஒருவர் ஒரு கூற்றினின்றும் மற்றொன்றிற்குச் செல்லவே கதிரின் அளவு மாறும். ஆள் உண்டு என்பது விளங்கும்.

இங்குத்தான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. இவ்வுணரி அசைவையே அறிகின்றது. உறங்குவோரோ நெடுநேரம் அசையாது கிடப்பர். விடுதி அறை உறங்குவதற்கென்றே அமைந்தது. நள்ளிரவில் குளிர்பதனம் நின்றுபோக, வியர்வையில் நனைந்து எழும் விருந்தினர் அவ்விடுதியை மறுமுறை நாடுவாரோ?

இதற்கு வழி கதவினிடத்தே கிடைத்தது. கதவில் ஒரு காந்தமும் நிலையில் ஒரு சிறு மின்சொடுக்கியும் பொருத்தப்படுகின்றன. கதவு திறந்து மூடியபின் உள்ளே ஒருமுறையேனும் அசைவு தோன்றின், ஆள் உண்டு என்பது துணிபு. கதவு மீண்டும் திறவாதவரை அவர் வெளியேறியிருத்தல் இயலாது. ஆதலின் அவர் எத்துணைப் பொழுது அசைவற்றுக் கிடப்பினும் குளிர்பதனம் நிற்பதில்லை. கதவு மூடியபின் குறித்த காலம்வரை அசைவே இல்லையாயின் அறை வெறிதெனக் கொள்ளப்படும். புகை கண்டு நெருப்பை உய்த்துணர்தல் போல்வது இது.

இருவர் தங்கிய அறையில் ஒருவர் விடியலில் எழுந்து வெளியே செல்ல, மற்றவர் அசையாது உறங்கிக் கிடப்பின் கருவி பிழைபடவுங்கூடும். பாரன்ஹீட் 5 பாகை என்பது இங்கே துணைசெய்கின்றது. செல்சியஸ் அளவில் அது 3 பாகைக்கும் சற்றுக் குறைவே. குளிர்பதனம் முற்றும் நில்லாது அவ்வளவே தளர்த்தப்படுவதால் அறை கொதிப்பதில்லை. உறங்குபவர் ஒருமுறை புரண்டு படுத்தாலும், அவ்வசைவைக் கண்ட உணரி பழைய குளிர்ச்சியை மீட்டுத் தருகின்றது.