எரிபொருள் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம்

எப்படி வந்தது? – கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காரைப் பற்றியவை. மைலேஜ் கூட வழி கேட்டவர்கள் ஒரு பக்கம், காருக்குள் இருக்கும் பொருள்களின் பூர்வீகம் கேட்டவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. ஒரு பொருள் எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று தெரிந்துவிட்டால், அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கிறதே, எதற்கு?
– வாசகி, காரைக்குடி

டேங்க் மூடி வண்டியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டத்தான். முக்கோணத்தின் முனை வலப்புறம் பார்த்தால் மூடி வலப்புறம், இடப்புறம் பார்த்தால் இடப்புறம். ஃபோர்டு கம்பெனியில் வேலை பார்த்த ஜிம் மொய்லன் 1986-ல் அலுவலகக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். பங்கில் தவறான பக்கம் நிறுத்திவிட்டு, கொட்டும் மழையில் நனைந்தபடி வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டியதாயிற்று. திரும்பியதும் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். 1989 மாடல்களில் அவர் கேட்ட அம்புக்குறி வந்துவிட்டது. பிறகு உலகமே எடுத்துக்கொண்டது. பழைய வண்டிகளில் முக்கோணம் இருக்காது, பங்க் படம் மட்டும் இருக்கும். அந்தப் படத்தில் குழாய் எந்தப் பக்கம் வரையப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மூடி என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள்.

அம்பாசடர் ஓட்டிப் பழகிய என் அப்பா, மலை இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார். டிரைவிங் ஸ்கூலில் கியரிலேயே இறங்கச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகி, சேந்தமங்கலம்

பெட்ரோல் கணக்கை மட்டும் பார்த்தால், அப்பா ஓட்டிய வண்டிக்கு அப்பா சொன்னது சரி. நீங்கள் ஓட்டும் வண்டிக்கு அது சரிப்படாது. இரண்டு தலைமுறைக்கு நடுவே, இஞ்சினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரும் வழியே மாறிவிட்டது.

அம்பாசடரில் இருந்தது கார்புரேட்டர். இஞ்சின் இழுக்கும் காற்று ஒரு குறுகலான வழியாகப் பாயும்போது பெட்ரோலையும் உறிஞ்சிக்கொண்டு போகும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்வரை பெட்ரோல் போய்க்கொண்டேதான் இருக்கும். கியரில் இறங்கினால் சக்கரங்கள் இஞ்சினை நிமிடத்துக்கு 2,500, 3,000 சுற்று சுற்ற வைக்கும். நியூட்ரலில் 800 சுற்றோடு அடங்கிவிடும். சுற்று குறைந்தால் பெட்ரோல் செலவும் குறைந்தது. அந்தக் காலத்து டிரைவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்ட உண்மை இது.

1967-ல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு முறையைக் கொண்டுவந்தது. ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் அது முதலில் வந்தது. அமெரிக்காவில் இறுகிவந்த புகைக் கட்டுப்பாடுகள்தான் அதற்குத் தூண்டுதல். இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதை இனி காற்றின் இழுப்பு தீர்மானிக்காது, ஒரு மின்னணுப் பெட்டி கணக்குப் போட்டு இன்ஜெக்டரைத் திறந்து மூடும். நம் ஊரில் 2000-ஐ ஒட்டி இந்த முறை பரவலாயிற்று. கியர் விழுந்திருக்கிறது, கால் ஆக்சிலரேட்டரில் இல்லை, சக்கரம் இஞ்சினைச் சுற்றுகிறது என்று தெரிந்தால் அந்தப் பெட்டி பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடும். குறைப்பதில்லை, நிறுத்தியே விடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ இஞ்சின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் கொடுத்தே ஆக வேண்டும்.

கொல்லிமலையில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வரும்போது, உடனடி மைலேஜ் காட்டும் திரை உங்கள் காரில் இருந்தால் பாருங்கள். இரண்டாவது கியரில் காலை எடுத்த கணமே பட்டை கடைசிக் கோட்டைத் தொட்டு அங்கேயே நிற்கும். வளைவில் வண்டி மெதுவாகி, இஞ்சின் சுற்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியதும் பட்டை பின்வாங்கும். இஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் மறுபடி வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பெட்ரோலைவிடப் பெரிய விஷயம் உயிர். ஒரு டன் எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கியரில் வந்தால் அதில் பெரும் பங்கை இஞ்சின் வாங்கிக்கொள்கிறது. நியூட்ரலில் வந்தால் கிட்டத்தட்ட அத்தனையும் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. சூடு ஏற ஏறப் பிரேக் பிடிப்பை இழக்கும். அப்பா ஓட்டிய அம்பாசடருக்கும் இந்த ஆபத்து இருந்தது.

பிரேக் லைனிங் பிறந்ததே ஓர் இறக்கத்தில்தான். கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், 1888 ஆகஸ்டில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 105 கி.மீ. காரில் போனார். உலகின் முதல் நெடும் கார்ப் பயணம் அது. இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தித் தோல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். அன்று அந்தத் தோல் இருந்த இடத்தில்தான் இன்றைய பிரேக் பேட் இருக்கிறது. ஏற்றத்தில் வண்டி திணறி, பையன்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. ஏற்றத்துக்கென்று இன்னொரு கியரைப் பென்ஸ் சேர்த்தது அந்தப் பயணத்துக்குப் பிறகுதான்.

குரூஸ் கண்ட்ரோல் போட்டால் மைலேஜ் கூடுமா? அதைக் கண்டுபிடித்தவர் யார்?
– வாசகர், உளுந்தூர்பேட்டை

கண்டுபிடித்தவர் கார் ஓட்ட முடியாதவர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1890-ல் பிறந்த ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதில் ஒரு விபத்தால் பார்வையை இழந்தார். ஆனாலும் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கினார். விரல் நுனியால் தொட்டே இயந்திரப் பாகங்களின் நுட்பமான குறைகளைச் சொல்லிவிடுவார். பிஸ்டன் ரிங் தயாரிக்கும் பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.

அவருடைய வக்கீல் அவரைக் காரில் அழைத்துப்போவது உண்டு. வக்கீல் பேசும்போது வண்டி மெதுவாகும், மற்றவர் பேச்சைக் கேட்கும்போது வேகம் கூடும். கண் தெரிந்த நமக்கு இது உறைப்பதில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருப்போம். டீட்டருக்கு அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றும் உடம்பில் தெரிந்தது. வேகத்தை ஒரே சீராகப் பிடித்து வைக்கும் கருவியைச் செய்யப் பல ஆண்டுகள் உழைத்தார். 1950-ல் காப்புரிமை கிடைத்தது, 1958-ல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. வெகுகாலம் அது விலை உயர்ந்த கார்களின் வசதியாகவே இருந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தருவதை நிறுத்தின. 1974 தொடக்கத்தில் அங்கே நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. என்று வேக வரம்பு கொண்டுவரச் சட்டம் வந்தது. சீரான வேகம் பெட்ரோலைச் சேமிக்கும் என்ற எண்ணம் அதன் பிறகே பொதுமக்களிடம் வேர் பிடித்தது.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து திருச்சிப் பக்கம் போகிற மாதிரியான சமதள நால்வழிச்சாலையில் கூடும். காலை மிதித்து மிதித்து எடுப்பதால் வீணாகும் பெட்ரோல் மிச்சமாகிறது. மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் சாலையில் கூடாது. மேட்டில் வேகம் துளியும் குறையக் கூடாதென்று கருவி பெட்ரோலைக் கொட்டும். அங்கே கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து, இறக்கத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும் உங்கள் கால்தான் மேல். மழையில் போடவே வேண்டாம்.

எந்த வேகத்தில் போடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 80-ல் போகிறவர் 100-க்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ 56 சதவீதம் கூடுகிறது. சென்னைக்கு இருநூறு கிலோமீட்டரை 80-ல் போனால் இரண்டரை மணி, 100-ல் போனால் இரண்டு மணி. அந்த அரை மணிக்காக எவ்வளவு பெட்ரோல் கொடுக்கலாம் என்பதை ஒவ்வொருவரும் யோசித்து முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் 80-ஐத்தான் சொல்வேன்.

சிக்னலில் இஞ்சினை அணைத்தால், திரும்ப ஸ்டார்ட் செய்ய நிறையப் பெட்ரோல் ஆகாதா?
– வாசகர், மதுரை

ஆகாது. சில விநாடிகள் நின்றபடி ஓடுவதற்கு ஆகும் பெட்ரோல்தான் ஸ்டார்ட் செய்ய ஆகும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப்போகிறீர்கள் என்று சிக்னலின் எண் காட்டினால் தாராளமாக அணையுங்கள்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் வருவதற்கு முன் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வண்டிக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். இஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். மின்மோட்டார் வைக்கலாம் என்றால், இஞ்சினைச் சுழற்றும் அளவுக்குச் சக்தியுள்ள மோட்டார் காரில் அடங்காது என்றார்கள். அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் சார்லஸ் கெட்டரிங் அதற்கு முன் கடைக் கல்லாப்பெட்டியின் இழுப்பறையைத் திறக்கும் மின்மோட்டாரை வடிவமைத்தவர். ஒரு கணம் மட்டும் உழைக்கிற மோட்டார் சின்னதாக இருந்துகொண்டே தன் சக்திக்கு மீறிய வேலையைச் செய்யும் என்று அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டிருந்தார். அப்படிப் பிறந்த ஸ்டார்ட்டர் 1912 கேடிலாக் காரில் வந்தது. கார் ஓட்டக் கைவலு வேண்டும் என்ற நிலை போனது, ஏராளமான பெண்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள்.

அது ஒரு கணத்துக்கான மோட்டார் என்பதால்தான், வண்டி பிடிக்காதபோது சாவியைத் திருப்பியபடியே வைத்திருக்கக் கூடாது என்கிறோம். சில விநாடி முயன்று, சற்று ஆறவிட்டு, மறுபடி முயலுங்கள்.

லாரி ஓட்டிய என் பெரியப்பா கியர் மாற்றும்போது கிளட்சை இரண்டு முறை மிதிப்பார். காருக்கும் அப்படிச் செய்ய வேண்டுமா?
– வாசகர், திருச்செங்கோடு

வேண்டாம். வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பற்சக்கரங்களை நேராகச் சேர்த்தால் பல்லோடு பல் உரசிக் கத்தும். அதனால் ஒரு முறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு வேகத்தைச் சமன் செய்து, மறுபடி மிதித்து அடுத்த கியருக்குப் போவார்கள். காதால் கேட்டே அந்தச் சமன் வந்துவிட்டதா என்று கண்டுகொண்ட பெரியப்பாவின் தலைமுறைக்கு என் வணக்கம். அந்த வேலையைப் பித்தளை வளையம் போன்ற ஓர் உராய்வுப் பாகத்திடம் கொடுத்தவர் ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவருடைய சிங்க்ரோமெஷ் 1928-ல் கேடிலாக்கில் வந்தது.

வளையம் தன் வேலையைச் செய்ய ஒரு நொடி வேண்டும். கியரைக் குத்தித் தள்ளாமல், நிதானமாக அழுத்திக் கொண்டுபோனால் போதும். பெட்ரோல் காரில் 2,000 சுற்றை ஒட்டி மேல் கியருக்குப் போய்விடுங்கள். வண்டி உதறினால் சீக்கிரம் மாற்றிவிட்டீர்கள் என்று பொருள். ஓட்டும்போது இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கூடுதல் விலைக்கு விற்கும் அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கிடைக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் கார் அதைக் கேட்காதவரை பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைக் காட்டுவதில்லை. அழுத்தத்தில் தானாகத் தீப்பற்றாமல், இஞ்சினுக்குள் ‘டக் டக்’ என்று இடிக்காமல் தாங்கும் திறனைத்தான் காட்டுகிறது. எவ்வளவு தேவை என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், பல கார்களில் டேங்க் மூடியின் உட்புறமும் இருக்கும். 91 போதும் என்று அதில் இருந்தால் 91 போதும்.

அந்த இடிச்சத்தத்துக்கு ஒரு துயரக் கதை உண்டு. அதை ஒழிக்க வழி தேடும் பொறுப்பைக் கெட்டரிங் தன் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் கொடுத்தார். 1921 டிசம்பரில் மிட்ஜ்லி கண்டுபிடித்த மருந்து ஈயக் கலவை. ஈயம் நஞ்சு என்பது அன்றும் தெரியாததல்ல. கலவையைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் செத்தார்கள். அப்படியும் அது உலகமெங்கும் விற்றது, புகையாகி மூன்று தலைமுறைக் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரியில்தான் ஈயப் பெட்ரோல் முழுதாக நின்றது. கடைசியாக நிறுத்தியது அல்ஜீரியா, 2021-ல். கண்டுபிடிப்புகளைக் கொண்டாடும் இந்தப் பகுதியில் இதையும் சொல்லியாக வேண்டும்.

டயரில் 51 என்று ஓர் எண் இருக்கிறது. அந்த அளவுக்குக் காற்று அடிக்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

கூடாது. அந்த டயர் அதிகபட்சம் தாங்கும் அழுத்தம் அது. உங்கள் காருக்கு உரிய அளவு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரில் இருக்கும். நான்கு பேர் மூட்டை முடிச்சோடு ஏறினால் எவ்வளவு என்று தனியாகவும் போட்டிருப்பார்கள்.

காற்றடைத்த சக்கரத்துக்கு ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காப்புரிமை வாங்கினார், அப்போது வாங்க ஆளில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். காரில் போட்டுக் காட்டியவர்கள் மிஷெலின் சகோதரர்கள். 1895-ல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில், வழியெல்லாம் பங்சர் ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள்.

காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அந்த நசுங்கலில் உங்கள் பெட்ரோல் சூடாக வீணாகிறது. பங்சர் ஆகாவிட்டாலும் டயரிலிருந்து காற்று மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதனால் மாதத்துக்கு இரண்டு முறையாவது, வண்டி அதிகம் ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள்.