அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தவன்



புது வருஷ ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த வசனத்தோடு ஒரு தீர்மானத்தையும் எழுதி வேதாகமத்துக்குள் வைப்பது நம்மில் பலருக்கு வழக்கம். லெந்து காலம் வருவதற்குள் அது மறந்துபோகிறது. ஊழியங்களுக்கும் இப்படி நேரிடுவதுண்டு. இலக்கு வைப்பதே விசுவாசக் குறைவு, கர்த்தர் நடத்துகிறபடி போவோம் என்பாரும் உண்டு. நெகேமியாவின் புத்தகத்தை ஊன்றி வாசித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிற செய்தி கிஸ்லே மாதத்தில் அவனுக்கு எட்டுகிறது. ராஜாவிடம் அவன் வாய் திறப்பது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம் உபவாசமும் ஜெபமும். ஆனால் ராஜா கேட்டபோது பதில் ஆயத்தமாக இருந்தது: எவ்வளவு காலம், யாருக்குக் கடிதம், மரம் எங்கேயிருந்து. ஜெபித்த நாட்களிலேயே கணக்கும் போட்டிருக்கிறான்! ஊர் போய்ச் சேர்ந்த பின்னும் உடனே கூட்டம் போடவில்லை. இராத்திரியில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு இடிந்த இடங்களைச் சுற்றிப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் ஜனங்களிடம் பேசினான்.

இப்படிச் சுற்றிப் பார்த்துத் தொடங்கிய வேலை ஒன்று நம் தருமபுரி மாவட்டத்திலேயே உண்டு. அரூருக்கு அப்பால், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழும் ஊர்கள். காந்திகிராமத்தில் பணிசெய்த டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் வைத்தியம் எட்டாத இடத்தைத் தேடி, 1993-இல் இங்கே வந்தார்கள். அவர்களுடைய டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஒரு மிஷன் ஸ்தாபனம் அல்ல. ஆனாலும் நாம் கற்றுக்கொள்ளவேண்டியது அதில் இருக்கிறது.

அந்நாட்களில் அங்கே பிறந்த 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 150 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. கண்ணுக்கு முன் இருந்த இடிபாடு அதுதான். ஆஸ்பத்திரி ஓலைக் குடிசையில் ஆரம்பமானது. ஆனால் பேதியும் சளிக்காய்ச்சலும் குளிரும் சிசுவைக் கொல்லுவது வீட்டில், இராத்திரியில், டாக்டர் தூங்குகிற நேரத்தில். உப்பும் சர்க்கரையும் சேர்த்த தண்ணீரை எப்படிக் கலப்பது, பிறந்த பிள்ளையை எப்படிக் கதகதப்பாக வைப்பது என்று தெரிந்த ஒருவர் அதே தெருவில் இருக்கவேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் ஆபத்து. அதை எண்ணிப் பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும். ஆகவே ஊர் ஊராகப் பெண்களைத் தெரிந்தெடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். பள்ளத்தாக்கின் இளம் பெண்களே நர்ஸ் வேலையும் கற்றார்கள்.

நெகேமியா மூன்றாம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிப்போகிறோம். தட்டானும் தைலக்காரனும் சல்லூமின் குமாரத்திகளும் அதில் உண்டு. பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கையே கட்டினார்கள். தன் வாசலுக்கு எதிரே கட்டுகிறவள் அரைகுறையாகக் கட்டுவாளா?

இன்று அந்தக் குடிசை இருந்த இடத்தில் 35 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி இருக்கிறது. சிசு மரணம் 1000-க்கு 20 என்ற அளவுக்கு இறங்கியது. எங்களுக்குப் படுக்கையின் எண்ணிக்கையைவிட இரண்டாவது எண்ணே பெரியது. வேலை ஆஸ்பத்திரியோடு நிற்கவுமில்லை. ஊட்டம் இல்லாத பிள்ளைக்கு மருந்து மட்டும் போதாதென்று கண்டு, இயற்கை விவசாயிகள் சங்கத்துக்கும் துணைநின்றார்கள். நெகேமியாவும் ஐந்தாம் அதிகாரத்தில், நிலத்தை அடகு வைத்த ஏழைகளின் கூக்குரலைக் கேட்டு, வட்டி வாங்கினவர்களைக் கடிந்துகொள்ளுகிறான். அலங்கம் கட்டும் திட்டத்தில் அது எழுதப்பட்டிருக்குமா?

காணிக்கை அனுப்பும் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். கட்டிடத்துக்கென்று கொடுத்தால் கல்வெட்டில் பேர் வரும். ஒரு கிராமத்துத் தாய்க்குச் சிசுவின் மூச்சை எண்ணக் கற்றுக்கொடுக்கும் செலவுக்குக் கல்வெட்டு வைக்க இடமில்லை. இரண்டும் வேண்டும், இரண்டாவதைக் கேட்டு எழுதுகிறவர்களோ குறைவு. இதை மனத்தாங்கலாக எழுதவில்லை. உங்கள் சபைச் சங்கத்தில் அடுத்த ஆண்டுக்கு இலக்கு வைக்கும்போது, தொகையை எழுதுவதற்கு முன், அந்தத் தொகை யாருக்காக என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.

இந்த மாதக் குடும்ப ஜெபத்தில் அந்த மூன்றாம் அதிகாரத்தைப் பிள்ளைகள் சத்தமாய் வாசிக்கட்டும். பேர்கள் நாக்கைப் புரட்டும், பரவாயில்லை. வாசித்தபின் நம் வீட்டுக்கு எதிரே இடிந்து கிடப்பது எது என்று அவர்களையே கேளுங்கள்.